சனது இல்லாத கதை

அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு உத்தமபாளையத்தில் குமுளிப் பேருந்து ஏறினால், கம்பத்தையும் கூடலூரையும் கடந்து லோயர் கேம்ப் போய்ச் சேர்வதற்குள் வெயில் தணிந்துவிடும். மேற்கே மலை மதில்போல் எழுந்து நிற்பதால், எங்கள் பள்ளத்தாக்கில் கதிரவன் மற்ற ஊர்களைவிடச் சற்று முன்னதாகவே மறைந்துவிடுவான். மஃரிபுக்கு நேரம் இருக்கும். ஆயினும் வயல்களின்மேல் நிழல் படர்ந்திருக்கும். அந்த இடைப்பட்ட பொழுதே நான் கதை சொல்லும் பொழுது.

கர்னல் ஜான் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15-இல் திறக்கப்பட்டது. 1841-இல் புனே நகரில் அவர் பிறந்ததும் அதே ஜனவரி 15-ஆம் நாளில்தான். மண்டபம் திறக்கப்பட்ட ஆண்டிலிருந்தே, விடுமுறைக் காலங்களில் என்னிடம் அரபி பயிலும் மாணவர்களையும், வெளியூரிலிருந்து வரும் உறவினர்களையும் அங்கே அழைத்துச் செல்வது எனக்கு வழக்கமாயிற்று. யாரும் என்னை அப்பணிக்கு நியமிக்கவில்லை, கூலியும் இல்லை. மண்டபத்தைக் காட்டுவேன், மலையிலிருந்து இறங்கும் மின்நிலையத்தின் இராட்சதக் குழாய்களைக் காட்டுவேன், பின்னர் ஆற்றோரம் அமர்ந்து, கைகளால் காற்றிலே அணை கட்டிக் காட்டுவேன்.

மெய்யான அணை மலைக்கு அப்பால், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் இருக்கிறது. விரும்பியவரெல்லாம் அங்கே போய்விட முடியாது. ஆகவே எங்கள் மக்களுக்கு அணை என்பது பெரும்பாலும் செவிவழிப் பொருளே. சொல்லுகிறவன் எப்படிச் சொல்லுகிறானோ, கேட்பவர் மனத்தில் அப்படியே அது நிலைத்துவிடும். இப்பொறுப்பு எத்தகையது என்பதை நான் உணரவே பல ஆண்டுகள் ஆயின. அந்த வெட்கத்தைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

வரலாற்றின் எலும்புக்கூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்பே தோன்றியது. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய்ந்து, செலவு மிகுதியென்று கைவிட்டார். 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி மலையைப் பார்த்துவிட்டு, இது வெறும் கனவு என்று எழுதிவிட்டார். 1850-இல் சிறியதோர் அணை முயற்சி தொடங்கியது. காட்டின் நோய்க்கு அஞ்சிய தொழிலாளர் கூடுதல் கூலி கேட்க, அதுவும் நின்றது. 1876, 1877-ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டிய பின்னரே அரசு விழித்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1887-இல் வேலை தொடங்கிற்று. தற்காலிகத் தடுப்பணைகளைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மீண்டும் கட்டினார்கள். 1895 அக்டோபர் 10-இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையால் எழுந்தது அவ்வணை. சுர்க்கி என்பது செங்கல்லை இடித்த தூள். பாரசீக மொழியில் 'சுர்க்' என்றால் சிவப்பு. இதைச் சொல்லும்போது என் மாணவர் முகங்கள் மலரும்; தாம் படிக்கும் எழுத்துகளுக்கு உறவான ஒரு சொல் அந்த அணையின் காரையில் கலந்திருப்பது கண்டு அவர்களுக்கொரு மகிழ்ச்சி. ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளத்துக்கு மலையைக் குடைந்து வெட்டிய சுரங்கத்தின் வழியே தண்ணீர் இப்பக்கம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அத்தண்ணீரை எதிர்நோக்கி இருக்கின்றன. பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயரிடுவோர் உண்டு. வீட்டில் அவர் படத்தை மாட்டி வைத்திருப்போர் உண்டு. மனிதர்க்கு நன்றி பாராட்டுவதை இறைவனுக்கு நன்றி பாராட்டுவதோடு இணைத்தே நம் மார்க்கம் கற்பிக்கிறது. எனவே இந்நன்றியில் எனக்கும் பங்குண்டு.

இவ்வளவும் சொன்னால் போதாதா? போதவில்லை. மாலைப் பொழுதில், ஆற்றங்கரையில், கதை சொல்லுகிறவனுக்கு ஆண்டுகளும் ஏக்கர்களும் போதுவதில்லை. கேட்பவர் கண்ணில் நீர் காண வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. ஆகவே, பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்லும் கதையை நானும் சொன்னேன்: வெள்ளம் அணையை அடித்துச் சென்றபின் அரசு பணம் தர மறுத்தது, பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தம் சொத்துக்களை விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார். கேட்பவர் நெஞ்சு உருகும். எனக்கும் உருகும்.

அத்தோடு நின்றேனா? ஒருநாள் பதினோரு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், நம்ம ஆளுக யாருமே அங்க வேலை பாக்கலையா?" என்று கேட்டான்.

அக்கேள்வி என்னைத் தைத்தது. பள்ளத்தாக்கின் ஊர்கள் தோறும் ராவுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறோம். எட்டாண்டுகள் ஆயிரக்கணக்கானவர் உழைத்த வேலையில் நம்மவர் ஒருவர்கூட இல்லாமலா இருந்திருப்பார்? இருந்திருப்பார் என்று மனம் சொன்னது. 'இருந்திருப்பார்' என்று சொல்லியிருந்தால் பிழையில்லை. என் நாவோ, "இருந்தார்" என்றது. இருந்தார் என்று சொன்னதும் பெயர் வேண்டியதாயிற்று. காதர் மீரான் ராவுத்தர் என்றேன். தொழில் வேண்டியதாயிற்று, கொத்தனார் என்றேன். அவருடைய தம்பி காட்டுக் காய்ச்சலில் இறந்தார் என்றும், அவரை அடக்கம் செய்துவிட்டு, மண் ஒட்டிய கையோடு திரும்பி வந்து சுண்ணாம்புக் காரையைக் குழைத்தார் என்றும் சொன்னேன். பையன்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் காதர் மீரான் ராவுத்தரைப் பற்றியே பேச்சு.

அடுத்த ஆண்டு அவருக்கு ஊர் கிடைத்தது, கம்பம். அதற்கடுத்த ஆண்டு அவரும் அணை முடியும் தறுவாயில் காய்ச்சலில் இறந்து, காட்டுக்குள்ளேயே அடக்கமானார். பொய் என்பது வளர்ந்துகொண்டே போகும் பிள்ளை. ஆண்டுதோறும் புதுச் சட்டை கேட்கும். நான் தைத்துக் கொடுத்தேன்.

பிறகு ஒரு விழா மலரில், யாரோ ஓர் அன்பர், 'பெரியோர் வாய்மொழி' என்ற தலைப்பின்கீழ் அக்கதையை அச்சேற்றினார். அதைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டானது என்பதை மறைக்க மாட்டேன்.

மலர் வெளிவந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தம் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். மடியிலிருந்து அந்த மலரை எடுத்தார். பலமுறை மடித்து விரித்ததால் தாள் நைந்திருந்தது.

"ஹஜ்ரத், எங்க அத்தாவோட பாட்டன் பேரு காதர் மீரான். கொத்து வேலைதான். மலையிலே வேலைக்குப் போனவரு திரும்பி வரலைன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. எந்த மலை, என்ன வேலைன்னு யாருக்கும் தெரியாது. இப்பத்தான் விவரம் கிடைச்சிருக்கு. அவரு கபர் எந்தப் பக்கம் இருக்குன்னு நீங்க சொன்னா, சர்க்கார்ல மனுப் போட்டாவது ஒருதடவை போயி சியாரத் பண்ணிட்டு வந்துருவேன்."

நான் பேச்சற்று அமர்ந்திருந்தேன். காதர் என்பதும் மீரான் என்பதும் எங்கள் வட்டாரத்தில் தெருவுக்கொருவர் தாங்கும் பெயர். நான் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் ஒரு வீட்டின் கதவில் போய் விழுந்திருக்கிறது. 'காட்டுக்குள்ளே எங்கோ இருக்கிறது, போக அனுமதி கிடையாது' என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டிருக்கலாம். அச்சொல் நாவின் நுனிவரை வந்தது. அல்லாஹ் என்னைக் காத்தான்.

"பெரியவரே, அந்தக் கதை நான் கட்டினது. எனக்கு யாரும் சொல்லலை. எந்தக் கிதாபுலயும் இல்லை. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பேரன் காதருகே குனிந்து மறுபடியும் சொன்னான். நெடுநேரம் மலரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப எங்க பாட்டன் அங்க போகலைங்கிறீங்களா?" என்றார்.

"அதுவும் எனக்குத் தெரியாது."

எனக்கு இன்றும் உறைப்பது இந்த இடந்தான். என் பொய் ஒன்றைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காத்துவந்த தெளிவற்ற, ஆனால் உண்மையான நினைவையும் கலங்கடித்துவிட்டது. மலைக்குப் போனவர் திரும்பவில்லை என்ற அந்த ஒற்றை வரி அவர்களுடையது. இனி அதைச் சொல்லும்போதெல்லாம், இது வீட்டில் கேட்டதா, மலரில் படித்ததா என்ற ஐயம் கூடவே எழுமல்லவா?

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நான் யார்? ஹதீஸ் கலையின் இலக்கணத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவன். ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் சனதைக் கேள். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, நினைவாற்றலும் நேர்மையும் உடையவரா என்று ஆராய் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன். மர்வு நகரத்து நூஹ் இப்னு அபீ மர்யமைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். மக்கள் குர்ஆனை விட்டு வேறு நூல்களில் மூழ்குவதைக் கண்டு, அவர்களைத் திரும்ப அழைக்கும் நல்லெண்ணத்தில், ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்பைப் பற்றியும் ஹதீஸ்களைப் புனைந்தவர் என்று அவரை நம் அறிஞர்கள் குறித்து வைத்தார்கள். நோக்கம் நன்றாயிருந்தது என்பதற்காக அவரை விட்டுவிடவில்லை. பொய்யர்களில் மிகவும் அஞ்சத்தக்கவர் நல்லவராகத் தோன்றுபவரே என்று மாணவர்களுக்கு விளக்கும்போது, நான் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்?

கதீப் பக்தாதியின் வரலாறும் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 447-இல் பக்தாதில், கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபிகளார் (ஸல்) விலக்கு அளித்ததாக ஓர் ஆவணம் அமைச்சரிடம் கொண்டுவரப்பட்டது. கதீப் அதைப் பார்த்த மாத்திரத்தில் போலி என்றார். முஆவியா (ரலி), ஸஅத் இப்னு முஆத் (ரலி) ஆகியோரின் சாட்சியம் அதில் இருந்தது. முஆவியா இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின் ஆண்டான ஹிஜ்ரி 8-இல். ஸஅத் மறைந்தது ஹிஜ்ரி 5-இல். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7-இல். ஆண்டுகளை வரிசையாக வைத்ததும் ஆவணம் உதிர்ந்துவிட்டது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2021-இல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் தேர்ந்தபோது, அங்கிருந்த பழைய கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று ஒரு பேச்சு எழுந்து அரசியல் அரங்கில் பெரும் புயலாயிற்று. அரசு தந்த விடை கதீபின் முறையிலேயே அமைந்தது: பென்னிகுவிக் மறைந்தது 1911 மார்ச் 9-இல், பொதுப்பணித்துறைக் கட்டடமோ அதற்குப் பின், 1912, 1913-ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. செய்தித்தாளில் அதைப் படித்து, "பாருங்கள், நம் முன்னோர் கலை" என்று வகுப்பில் பெருமை பேசியவனும் நானே.

அவ்வளவு பேசியவன் சொத்து விற்ற கதையை ஒருமுறையேனும் அந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தேனா? பிறகுதான் தேடத் தொடங்கினேன். அத்திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய வரலாறு 1899-இல் சென்னையில் அச்சாயிற்று. பெரியாற்றுத் திட்டம் சென்னை அரசின் செலவில், அரசின் கணக்கில் நடந்த வேலை. சொத்தை விற்றார் என்பதற்கு ஆவணச் சான்று இல்லை என்றே ஆய்வாளர் பலரும் கூறுகின்றனர். மக்கள் அன்பால் பிறந்த கதை அது. அன்பு மெய், சனது இல்லை. இதனால் பென்னிகுவிக்கின் பெருமை குறைந்துவிடுமா? வெள்ளம் அடித்துச் சென்றதை மீண்டும் கட்டியதும், நோய் பரவிய காட்டில் வேலையை நடத்தியதும், மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பியதும் ஐயத்துக்கு இடமற்றவை. அவற்றின்மேல் கதையை ஏற்றுவது கட்டிய அணைக்குக் களிமண் பூசுவதைப் போன்றது.

அந்நாட்களில் அமெரிக்காவில் பணிபுரியும் என் தமக்கை மகன் விடுமுறையில் வந்திருந்தான். வழக்கம்போல் லோயர் கேம்ப் போனோம். நான் சோர்ந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டான், சொன்னேன். அவன் தான் பார்த்த ஓர் ஊரைப் பற்றிச் சொன்னான். வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்பது அவ்வூர். ஆங்கிலேயர் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டில் அம்மாநிலத்தின் தலைநகர். பாழ்பட்டுக் கிடந்த அதனை, 1926 முதல், குட்வின் என்ற பாதிரியாரின் தூண்டுதலால் இளைய ராக்ஃபெல்லர் பெரும் பொருள் செலவிட்டுப் பழைய வடிவிலேயே புதுப்பித்தார். இன்று அது வாழும் வரலாற்றுக் காட்சிசாலை. கொல்லன் உலையில் கொல்லன் இருப்பான். அச்சுக்கூடத்தில் அச்சுக் கோப்பவன் இருப்பான். எல்லோரும் அக்கால உடையில். மாலையானால், கையில் விளக்கேந்திய வழிகாட்டி இருண்ட தெருக்களில் மக்களை அழைத்துச் சென்று கதை சொல்வாராம்.

"மாமா, நீங்க செய்றதும் அதேதான். உங்க கையில லாந்தர் மட்டுந்தான் இல்லை" என்றான் சிரித்துக்கொண்டு. பின்பு சற்றுத் தயங்கிவிட்டு மற்றொன்றையும் சொன்னான். அந்த ஊரில் அக்காலத்தே வாழ்ந்தோரில் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆயினும் காட்சிசாலை ஏற்பட்டுப் பல பத்தாண்டுகள் வரை, விளக்கொளி பெருமக்களின் மாளிகை வாசல்களிலேயே விழுந்தது. 1979-இல்தான் கறுப்பின நடிகர்கள் அம்மக்களின் வாழ்வை எடுத்துக்காட்டத் தொடங்கினார்கள். 1994-இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது ஆதரவும் எதிர்ப்புமாக ஊரே கொதித்ததாம். அப்படி எடுத்துக்காட்டுவோர் உயில்களையும், சொத்துப் பட்டியல்களையும், தேவாலயப் பதிவேடுகளையும் துருவி, அவற்றில் ஒட்டிக்கிடந்த ஒற்றைப் பெயர்களிலிருந்து தொடங்குகிறார்கள் என்றான்.

எனக்கு அதில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. அந்தப் பதினோரு வயதுப் பையனின் கேள்வி சரியான கேள்வி, அதை விட்டுவிடலாகாது. விடை மட்டுமே தவறு. காரை குழைத்தவர், கல் சுமந்தவர், சுரங்கம் வெட்டியவர் யார்? சென்னைப் பயோனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளங்கள் வந்தன என்று பதிவுண்டு. கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியத் தச்சர்கள் வந்தார்கள் என்று பதிவுண்டு. நோயால் இறந்தோர் 483 பேர் என்ற கணக்கு சொல்லப்படுகிறது. அணைக்கு அருகே அவர்களின் புதைகுழிகள் இருக்கின்றன. மண்டபத்தில் சிலையாக நிற்பவர் ஒருவரே. மற்றவர்க்குச் சிலை வேண்டாம். ஒரு பெயரேனும் வேண்டாமா? ஆனால் இல்லாத பெயரைக் கொண்டு அந்த இடத்தை நிரப்புவது, கிடைக்கக்கூடிய மெய்யான பெயருக்குரிய இருக்கையை அடைத்துவிடுவதாகும்.

என் சக ஆசிரியர் ஒருவர் இதற்கு உடன்படவில்லை. "சமுதாயத்துக்குப் பெருமை தர்ற கதைதானே பாய்! யாருக்கு என்ன நஷ்டம்? மத்தவங்க கட்டலையா?" என்றார். அவர் கூற்றில் வேதனை கலந்திருந்தது. அதை நான் மதிக்கிறேன். நாட்டின் வரலாற்றில் நம் பங்கு மறைக்கப்படுகிறது என்ற ஏக்கத்திலிருந்து வருவது அது. ஆனால் நாளை நாம் ஒரு மெய்யான ஆவணத்தைக் கையில் ஏந்திச் செல்லும்போது, 'இவர்கள் காதர் மீரானைக் கட்டியவர்களல்லவா' என்று ஒருவன் சொல்லிவிட்டால்? அந்த நஷ்டம் யாருக்கு?

விழா மலரை வெளியிட்டவர்களுக்கு எழுதி, அது புனைவு என்று தெரிவித்தேன். பழைய மாணவர்களில் கிடைத்தவர்க்கெல்லாம் நேரிலும் தொலைபேசியிலும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். இன்று ஓர் ஊரில் இமாமாக இருக்கும் ஒருவர், "ஹஜ்ரத், அந்தக் கதையை நான் குத்பாவிலேயே சொல்லிட்டேனே" என்று கலங்கினார். என் நாவிலிருந்து மிம்பர்வரை அது ஏறிவிட்டது.

இப்போதும் மாலைகளில் லோயர் கேம்ப் போகிறேன். கதை சொல்லும் முறைதான் மாறியிருக்கிறது. இது பதிவில் உள்ளது, இது மக்கள் சொல்வது, இது என் ஊகம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன். சொத்து விற்ற கதையையும் விடவில்லை. மக்கள் சொல்வது என்ற வரிசையில் வைத்துச் சொல்கிறேன். கேட்பவர் கண்ணில் முன்போல் நீர் வருவதில்லை. ஆனால் கேள்விகள் வருகின்றன. சென்ற விடுமுறையில் ஒரு சிறுவன் அதே பழைய கேள்வியைக் கேட்டான். தம்மிடம் கேட்கப்பட்ட நாற்பத்தெட்டுக் கேள்விகளில் முப்பத்திரண்டுக்குத் தெரியாது என்று விடையளித்த இமாம் மாலிக்கை (ரஹ்) நினைத்துக்கொண்டு, "தெரியவில்லை தம்பி, இருந்திருக்கலாம். தேடுவோம்" என்றேன். "எங்கே தேடுறது?" என்றான். அதற்கு விடை சொல்வதற்குள் கூடலூர்ப் பேருந்து வந்துவிட்டது.

அந்தப் பெரியவர் என்னை மன்னித்துவிட்டார். போகும்போது, "பேரு நமக்குத் தெரியாட்டி என்ன ஹஜ்ரத், படைச்சவனுக்குத் தெரியும்ல" என்று மட்டும் சொன்னார். அவர் பேரன் அவ்வப்போது வருகிறான். வீட்டில் கேட்ட செய்தியை, யார் யாரிடம் கேட்டார் என்ற வரிசையோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் பாட்டனார் தம் தந்தையிடம் கேட்டது. தந்தை தம் தாயிடம் கேட்டது. மலைக்குப் போனவர் திரும்பவில்லை. இதுவரை கிடைத்தது அவ்வளவே. ஆனால் அதற்குச் சனது உண்டு.

இதனைப் படிக்கும் பள்ளத்தாக்கின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடி முதலிய ஊர்களில் உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதமோ, கூலிச் சீட்டோ, நிலப் பத்திரமோ, பள்ளிவாசல் கணக்கேடோ இருக்குமானால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1887-க்கும் 1895-க்கும் இடைப்பட்ட ஒரு தாள், நான் கட்டிய நூறு கதைகளைவிட மேலானது. அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தால் படித்துத் தரக் காத்திருக்கிறேன்.

வல்ல அல்லாஹ் என் நாவின் பிழையைப் பொறுத்தருள்வானாக! பெயர் தெரியாமல் மறைந்த அந்த உழைப்பாளிகளை அவன் மறவாதிருப்பது போல், அவர்கள் கொணர்ந்த நீரைப் பருகும் நாமும் மறவாதிருக்கச் செய்வானாக! ஆமீன்.